மூன்றாம் அத்தியாயத்து நாலாம் எண்

கல்லூரி வட்டாரத்தில் அவளைக் 'கமா அக்கா' என்றால்தான் தெரியும். ஆய்வேடுகளை அச்சுக்கு வடிவமைத்துக் கொடுப்பது அவள் தொழில். நகல் எடுக்கும் கடைக்கு மேலே ஓர் அறை, இரண்டு கணினி, ஓயாமல் முனகும் ஒரு மின்விசிறி. ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் போனைப் போட்டுவிடுவாள். "கமாதானேக்கா, விடுங்க" என்று யாராவது சொன்னால், "கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை பேரு மாறினா, பேருதானேன்னு விடுவீங்களா?" என்பாள்.

அப்பா போன பிறகு தம்பியைப் படிக்க வைத்து ஆளாக்கியவள் அவள்தான். பாலத்தூண்களின் அடியை வெள்ளம் எப்படி அரிக்கிறது என்று அவன் வருடக்கணக்கில் ஆராய்ந்தான். அந்த ஆய்வேட்டை வேறொருவர் கையில் கொடுக்க அவளுக்கு மனம் வருமா?

ஆரம்பத்திலேயே படித்துப் படித்துச் சொன்னாள். "மேற்கோள் எண்ணை மட்டும் நீயா அடிக்காதே. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு குறிச்சொல் வெச்சிருக்கேன், அதை எழுது. நூற்பட்டியல்ல எது எத்தனாவதுன்னு மிஷினே எண்ணிப் போட்டுக்கும்."

"சரிக்கா, சரிக்கா" என்று மண்டையை ஆட்டினான்.

எல்லாம் முடிந்த நேரத்தில் துறையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். நூற்பட்டியல் மேற்கோள் வரும் வரிசையில் இருக்கக் கூடாதாம். ஆசிரியர் பெயரின் அகரவரிசையில் வேண்டுமாம். அவளுக்கு அது ஒரு வரி மாற்றம். கண்மூடித் திறப்பதற்குள் பட்டியல் புரண்டு படுத்தது, உள்ளே இருந்த எண்களும் கூடவே மாறின. முதல் இரண்டு அத்தியாயங்களை ஒத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. மூன்றாவதைத் திறக்கும்போது தம்பி தலைக்கு மேல் நின்றான். "பைண்டிங்காரர் காத்துட்டு இருக்காருக்கா, போதும் விடு." வாழ்க்கையிலேயே முதல் தடவையாக விட்டாள்.

வாய்மொழித் தேர்வன்று கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நரைத்த தலைக்காரர், குரல் எழும்பாத மனிதர். ஆய்வேட்டைப் பிரித்தார்.

"மூணாம் அத்தியாயத்துல, 'இந்தக் கணக்கு அடிப்படையிலேயே பிழையானது'ன்னு எழுதி நாலுன்னு எண் போட்டிருக்கீங்க. பட்டியல்ல நாலாவதா இருக்கிறது என் கட்டுரை. எங்க பிழைன்னு கொஞ்சம் சொல்றீங்களா?"

அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது. படுபாவி, அந்த அத்தியாயம் முழுக்க எண்ணைக் கையால் அடித்திருக்கிறான்! பட்டியல் புரண்டபோது அந்த எண்கள் மட்டும் அசையாமல் நின்றுவிட்டன. வேறு யாருடைய கட்டுரையையோ குறித்த நாலு, இப்போது இவருடையதைக் காட்டுகிறது. பரவாயில்லை, எண் மாறிவிட்டது என்று இப்போது சொல்லிவிடுவான். 'இவர் கட்டுரை இல்லேன்னா என் ஆராய்ச்சியே இல்லக்கா' என்று சாப்பிடும்போதெல்லாம் சொன்னவனாயிற்றே.

தம்பி நிமிர்ந்து நின்றான்.

"ஆமா சார். நீரோட வேகத்தைக் குறைச்சு எடுத்திருக்கீங்க. மணலோட பருமனையும் சரியாப் பாக்கல."

அவள் தன் காதுகளை நம்பவில்லை. அவன் நிறுத்தவும் இல்லை. இல்லாத குறைகளை ஒவ்வொன்றாக, தட்டுத்தடுமாறாமல், கோத்துக்கொண்டே போனான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை என்று யாரிடமெல்லாம் சொல்லியிருப்பாள்! எப்போது எழுந்து நின்றாள் என்றே தெரியவில்லை.

"சார், மன்னிக்கணும். அது உங்க கட்டுரையைப் பத்தி எழுதினது இல்லை."

"பார்வையாளர்கள் பேசக் கூடாதும்மா" என்றார் துறைத்தலைவர். தேர்வாளர் கையமர்த்தி, சொல்லும்படி தலையசைத்தார். பட்டியல் புரண்டதையும், எண்கள் நின்றுபோனதையும், தான் பார்க்காமல் விட்டதையும் சொல்லி முடித்தாள். அவர் தம்பி பக்கம் திரும்பினார்.

"அப்போ இவ்வளவு நேரம் நீங்க சொன்ன காரணமெல்லாம்?"

"பயத்துல சொல்லிட்டேன், சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எண் மாறினது அச்சுப்பிழை, திருத்திடலாம். எழுதாத ஒண்ணுக்கு நின்ன நிலையில காரணம் கட்டினீங்களே... நாளைக்குப் பாலம் கட்டப் போறவர் நீங்க." ஆய்வேட்டைத் திருத்தி எடுத்துக்கொண்டு மறுபடி வரச் சொல்லிவிட்டார்.

நடைவழியில் தம்பி அவள் மேல் பாய்ந்தான். "வாயை மூடிட்டு உக்காந்திருந்தா முடிஞ்சிருக்கும். நீயெல்லாம் ஒரு அக்காவா?"

"நான் பாக்காம விட்டது தப்புதான். அதுக்கு எவ்வளவு வேணும்னாலும் திட்டு. ஆனா நீ..." உள்ளே அவன் சொன்ன பொய்யைவிட இந்தப் பேச்சு அவளுக்குப் பெரிய அடியாக இருந்தது.

வாரக்கணக்கில் அவன் முகம் காட்டவில்லை. ஒரு மத்தியானம் படியேறி வந்தான். நேரே இரண்டாவது கணினியில் உட்கார்ந்து, கையால் அடித்த எண்களை ஒவ்வொன்றாக அழித்துக் குறிச்சொல்லைப் போட ஆரம்பித்தான். அவள் தண்ணீர்ச் சொம்பை அவன் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

அடுத்த முறை அதே தேர்வாளர்தான் வந்தார், தம்பி தேறினான். அவள் அரங்குக்குள் போகவில்லை. வாசலிலேயே நின்று அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். சந்தோஷத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு, அவன் எதையாவது உறுதியாகச் சொல்லும்போதெல்லாம், அவள் கண்கள் அவன் முகத்தில் ஒரு நொடி கூடுதலாக நிற்கும். அப்புறம்தான் "சரிடா" என்பாள்.