இரண்டு விசிலுக்குப் பிறகு அரை விநாடி

இருபத்திரண்டு நாடுகளில் மேடையேறிய டிஜே நான். சரி, பொய். ஐந்து நாடுகள். அதிலும் ஒன்றில் விமானம் மாறுவதற்காக நான்கு மணி நேரம் பெஞ்சில் படுத்துத் தூங்கினேன், அவ்வளவுதான். பேட்டிகளில் இருபத்திரண்டு என்று சொல்லிச் சொல்லி எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பை இரண்டு முறை படித்தவனுக்குக் கணக்கு அப்படித்தான் வரும்.

இந்தத் தடவை போன ஊர் திருச்சி. காலை 8.10க்கு விமானம் இறங்கியது. மாலை ஆறு மணிக்குத் திருவெறும்பூர் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில் நிகழ்ச்சி. என் தேதிகள், என் சாப்பாடு, என் தூக்கம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் நித்யா பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நித்யா, நான் ஸ்ரீரங்கம் வரைக்கும் போயிட்டு வரேன். சாமி கும்பிட."

"நீயா?"

"ஏன், நான் கும்பிட்டா சாமி வேணாம்னுடுமா?"

"ரெண்டு மணிக்கு சவுண்ட் செக். லேட்டாச்சு, நானே மேடை ஏறி தட்டிடுவேன். எவனுக்கும் வித்தியாசம் தெரியாது."

அது உண்மை என்பதால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

சாமி கும்பிடப் போகிறேன் என்றதும் பொய்தான். என் பையில் ஒரு பொன்னாடையும் ஒரு புதுப் போனும் இருந்தன. இரண்டும் தங்கராசு என்ற பஸ் கண்டக்டருக்கு. என்னைத் தூக்கிவிட்ட 'ரெண்டு விசில்' பாட்டில் கேட்கும் குரல் அவருடையது. பாட்டு என்று சொல்வது மரியாதைக்குத்தான். முதலில் கண்டக்டர் விசில் இரண்டு. அப்புறம் அரை விநாடி சத்தமே இருக்காது. கூட்டம் கையைத் தூக்கி மூச்சைப் பிடித்து நிற்கும். அப்புறம் தொண்டை கிழிய ஒரு குரல், "நிறுத்து! நிறுத்து! நிறுத்து!" உடனே நெஞ்சு அதிர பேஸ் சத்தம் இறங்கும். எல்லோரும் குதிப்பார்கள்.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு சவுண்ட் சர்வீஸில் பாக்ஸ் தூக்கிக்கொண்டிருந்தேன். மண்ணச்சநல்லூரில் ஒரு கல்யாண வேலை முடிந்து திரும்பும்போது சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இந்தக் குரலைப் போனில் பிடித்தேன். அன்றோடு சரி. அந்த மனிதரை மறுபடி போய்ப் பார்த்ததில்லை. இன்றைக்கு அவரையே மேடையேற்றி ஊர் முன்னால் விசில் அடிக்க வைக்கலாம் என்று திட்டம். வீடியோ நன்றாக ஓடும்.

காலை 8.40. சத்திரத்துக்கு ஆட்டோ. பத்து கிலோமீட்டர். முந்நூற்றைம்பது கேட்டார், முந்நூறில் முடிந்தது. யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாதே என்று தொப்பியும் மாஸ்க்கும் போட்டிருந்தேன். பாதி வழியில் டிரைவர் போன் அடித்தது. என் இரண்டு விசில்.

"ரிங்டோன் யாரு போட்டதுண்ணே?" என்றேன்.

"யாரோ மெட்ராஸ் பயலாம். பாட்டா அது, வெறும் சத்தம். கத்துறது நம்ம ஊரு கண்டக்டரு, அதனால வச்சிருக்கேன்."

மாஸ்க்கைக் கழற்றினேன். தொப்பியையும் கழற்றினேன். முகத்தை லேசாகத் திருப்பி, போஸ்டரில் இருக்கிற மாதிரி வைத்துக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தவர், "புழுங்குதுங்களா? சைடு ஸ்கிரீனத் தூக்கி விடவா?" என்றார்.

காலை 9.20. சத்திரம் பஸ் ஸ்டாண்ட். டீ பதினைந்து ரூபாய். டீ போட்டவரிடம் தங்கராசுவைப் பற்றி விசாரித்தேன்.

"பத்து அஞ்சு வண்டியில வருவாருங்க. விசில் சத்தம் வரும்னு காத்துட்டு நிக்காதீங்க. அவரு வாயில விசில் வைக்கிறத விட்டு வருஷக்கணக்காச்சு. தகரத்துல தட்டுறதுதான்."

வந்த தனியார் டவுன் பஸ்ஸில் அவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. மீசை நரைத்திருந்தது. கீழே இறங்கி, பின்படியைப் பார்த்தார், முன்படியைப் பார்த்தார், மறுபடி பின்படியைப் பார்த்தார். அப்புறம்தான் ஏறி, பஸ் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு.

"யோவ், பொண்ணு பாக்கவா வந்த? சீக்கிரம் தட்டுய்யா!" என்று முன்னாலிருந்து டிரைவர் கத்தினார்.

படியில் தொங்கிய இரண்டு கல்லூரிப் பையன்கள், "அண்ணே, ஒரே ஒரு தடவ நிறுத்து சொல்லுங்கண்ணே!" என்று கெஞ்சினார்கள். ஒருவன் போனை நீட்டிவிட்டான்.

"உள்ள ஏறு. டிக்கெட்ட எடு," என்றார் தங்கராசு. சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். வெளியூரில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் நான் சிரித்துவிடுவது வழக்கம்.

ஸ்ரீரங்கத்துக்கு எனக்கு டிக்கெட் பத்து ரூபாய். காவேரிப் பாலத்தில் பஸ் ஏறியபோது பாதி ஆறு தண்ணீர், பாதி மணல். சில்லறை கொடுத்தவர் என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க அந்த போன் தம்பிதானே?"

போஸ்டர் முகத்தைக் காட்டி ஆட்டோக்காரரிடம் தோற்றவன், இங்கே ஒன்றும் காட்டாமலே மாட்டிக்கொண்டேன்.

"ஆமாண்ணே."

"சாப்டீங்களா?" என்றார்.

காலை 10.35. ஸ்ரீரங்கம். பஸ் இங்கே நிறைய நேரம் நிற்கும் என்றார். கடைசி சீட்டின் அடியில் வாழை இலைக் கட்டு ஒன்று இருந்தது. "ஒரு கை பிடிங்க தம்பி." ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு ராஜகோபுரம் பக்கம் நடந்தோம். இதுதான் நேரம் என்று நான் ஆரம்பித்தேன்.

"அண்ணே, இன்னிக்கு சாயங்காலம் நீங்க என்கூட மேடையில நிக்கணும். பத்தாயிரம் பேரு..."

அவர் நின்றுவிட்டார். நின்றதால் கட்டு என் பக்கம் சாய்ந்தது.

"அன்னிக்கு நான் எதுக்கு விசில் அடிச்சேன்னு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ஆனால் இல்லாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

"நீங்க கேட்டீங்க. 'அண்ணே, கெத்தா ரெண்டு விசில் அடிங்க'ன்னு போன நீட்டினீங்க. நானும் ஒரு ஆசையில போனப் பாத்துக்கிட்டே அடிச்சேன். டிரைவருக்கு என்ன தெரியும்? ரெண்டு விசில்னா வண்டிய எடுக்கணும், எடுத்தாரு. பின்னால ஏறிட்டிருந்த அந்தம்மா ஒரு கால் படியில, ஒரு கால் ரோட்டுல."

இதைத்தான் நான்கு வருடங்களாக எந்தப் பேட்டியிலும் நான் சொல்லவில்லை. கண்டக்டர் டிரைவரோடு சண்டை போட்டபோது கிடைத்த சத்தம் என்று சொல்லி வந்தேன். உண்மையில் அந்த அம்மா விழுந்ததும் கூட்டம் பின்படிக்கு ஓடியது. நான் முன்படி வழியாக இறங்கி, ரெக்கார்டு ஆகியிருக்கிறதா என்று பார்த்தேன்.

"ஏறிட்டாங்கன்னு நெனச்சு அடிச்சுட்டேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்," என்றார் தங்கராசு. "அவங்ககிட்டயும் அதத்தான் சொன்னேன். உண்மையச் சொன்னா, ஊர்லயே இல்லாத ஆளு மேல பழியப் போட்ட மாதிரி ஆயிடுமேன்னு இருந்துட்டேன். அது ஒரு சாக்கு, எனக்கே தெரியும். இப்ப நீங்களே வந்துட்டீங்க. வாங்க, சொல்லிடுவோம்."

"யார்கிட்ட?"

"இந்தக் கட்டு யாருக்குன்னு நெனச்சீங்க?"

காலை 10.50. மதில் ஓரம், இலைகளை நறுக்கி அடுக்கிக்கொண்டு ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வலது காலை மடக்காமல் நீட்டி வைத்திருந்தார். பெயர் பூங்கொடி. முன்பு தொட்டியத்திலிருந்து தினமும் தானே இலைக்கட்டோடு பஸ் ஏறி வருவாராம். அன்று விழுந்து உடைந்த காலுக்குள் கம்பி வைத்த பிறகு பஸ் படி ஏற முடியவில்லை. இங்கேயே தம்பி வீட்டில் தங்கிவிட்டார். தொட்டியத்திலிருந்து வரும் கட்டைச் சத்திரத்தில் வாங்கி, தினமும் கொண்டுவந்து போடுவது தங்கராசு.

"யாருண்ணே இந்தத் தம்பி? விசேஷ வீடா? எத்தன இலை வேணும்?"

"ஒண்ணு போதும்க்கா. நான் ஒருத்தன்தான் சாப்பிடுவேன்," என்றேன். சிரித்தார். எனக்கு அங்கேயே நிறுத்திக்கொண்டு ஓடிவிடத் தோன்றியது. தங்கராசு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, 'ரெண்டு விசில்' பாட்டு கேட்டிருக்கீங்களா?"

"கேக்காமலா? என் தங்கச்சி மக கல்யாணத்துல போட்டாங்க. எல்லாம் எகிறி எகிறிக் குதிச்சுதுங்க. நான் சேர்ல உக்காந்து கை தட்டினேன்."

சொன்னேன். மேடையில் மைக் பிடித்தால் நிறுத்தத் தெரியாத எனக்கு, நான் கேட்டு அவர் விசில் அடித்த கதையைச் சொல்லி முடிக்க நாலைந்து தடவை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்ப நிறுத்து நிறுத்துன்னு அவரு கத்துனது எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

தங்கராசு பக்கம் திரும்பினார். "நான் ஏறிட்டேன்னு நெனச்சதாச் சொன்ன."

"ஆமாம்மா."

"போனப் பாத்துக்கிட்டு நின்னியா?"

அவர் இலைக்கட்டின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.

"நாளையிலேர்ந்து என் கட்ட நீ தூக்க வேணாம். வேற ஆளப் பாத்துக்கறேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏன்டா, விழுந்தவ நானு. இவரு கத்துனது மட்டும் ஊரெல்லாம் கேக்குது. நான் கத்தவே இல்லையா?"

"கத்தினீங்க. வெட்டிட்டேன்."

விசிலுக்குப் பிறகு வரும் அந்த அரை விநாடி, ஊர் ஊராகக் கையைத் தூக்கி மூச்சைப் பிடித்து நிற்கும் இடம், இவர் அலறிய இடம். தாளத்துக்கு இடித்தது. வெட்டினேன். என்ன கற்பனை, என்ன மௌனம் என்று பெரிய பெரிய ஆட்கள் பாராட்டினார்கள். நான் அடக்கமாகத் தலையை ஆட்டினேன்.

"வெட்டுனது இருக்கா?"

பழைய ரெக்கார்டிங் என் போனில் இருந்தது. நான்கு வருடத்தில் மூன்று போன் மாற்றியும் அதை அழிக்காமல் கொண்டுவந்திருக்கிறேன். போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். ஒரு தடவை கேட்டார். நெற்றியைச் சுருக்கினார்.

"இவ்வளவு சின்னதாவா கத்தினேன்?"

"போன் தூரத்துல இருந்துச்சுக்கா."

"மறுபடி போடு."

மூன்று தடவை கேட்டார். "இன்னிக்கும் இதத்தான் போடப்போறியா? அப்ப என்னையும் சேத்துப் போடு. குதிக்கிறவன் குதிக்கட்டும்." போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இலை நறுக்க ஆரம்பித்தார். பொன்னாடையைப் பையிலிருந்து எடுக்கவே வெட்கமாக இருந்தது. எடுக்கவில்லை.

காலை 11.15. பஸ்ஸுக்குத் திரும்பும்போது தங்கராசு சொன்னார்: "சொன்னது நல்லதுதான் தம்பி. இந்தக் கட்டத் தூக்கிட்டு வர்றது ஒண்ணாவது பண்றோமேன்னு இருந்துச்சு. நாளைக்குக் காலையில கை சும்மா இருக்கும்." மேடைக்கு வரச் சொல்லி நான் மறுபடி கேட்கவில்லை. அவருக்கு மிச்சமிருந்த ஒன்றையும் நான்தான் வந்து பிடுங்கிப் போட்டேன். உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார். பஸ் போனது.

திருவெறும்பூருக்குக் காரில் பதினெட்டு கிலோமீட்டர். வழியில் என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சென்னையில் என் வீட்டு வரவேற்பறையில் அந்தப் பாட்டுக்குக் கிடைத்த கேடயங்கள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. வருகிறவர்கள் எல்லாம் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஸ்ரீரங்கத்தில் அதே பாட்டுக்கு மிச்சம் ஒரு மடங்காத கால்.

மாலை 5.50. மேடைக்குப் பின்னால் ஓர் அறை. மதியத்திலிருந்து லேப்டாப் முன்னால்தான் இருக்கிறேன். அவர் அலறலைத் திரும்ப ஒட்டிவிட்டேன். அரை விநாடியில் அடங்கவில்லை. ஒன்றரை விநாடி வருகிறது. தாளம் இடிக்கிறது. இரண்டு பாட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, பழையதும் புதியதும். என்னை எனக்குத் தெரியும். கூட்டத்தைப் பார்த்ததும் விரல் பழையதற்குத்தான் போகும். உலகம் பூராவும் இருப்பதை அழிக்க என்னால் முடியாது. இந்த லேப்டாப்பில் இருப்பதை முடியும். பழையதை அழிக்கவா என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன்.

வெளியே மைதானம் முழுக்க, நான் இல்லாமலே, "நிறுத்து! நிறுத்து!" என்று கத்துகிறார்கள். நித்யா ஹெட்போனைக் கழற்றியபடி உள்ளே வருகிறாள்.

"என்னடா இது, நடுவுல ஒரு பொம்பள அலறுது? கேக்கவே முடியல. பழசு எங்க?"

"இல்ல நித்யா. இன்னிக்குக் காலையில நான் கோயிலுக்குப் போகல. சத்திரத்துல ஒரு பஸ் ஏறினேன், அங்க..."

"டேய், மணி ஆறு. கூட்டம் கத்துது. கதையெல்லாம் அப்புறம், எந்திரி!"