கொட்டாஞ்சேனையில் ஐந்து சட்டி ஸ்ட்ரோபெரி

போன கிழமை கொள்ளுப்பிட்டிக் கடையொன்றில் மனைவி ஒரு பெட்டி ஸ்ட்ரோபெரியை எடுத்து மணந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். எனக்குப் பழவாசம் வரவில்லை. யூரியா வாசம்தான் வந்தது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

சண்டைக் காலம். ஒருகொடவத்தையில் கண்டெய்னர் முற்றமொன்றில் எனக்கு ஸ்டோர் கீப்பர் வேலை. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அது பெரிய உத்தியோகம். நுவரெலியாவுக்கு ஓடுகிற லொறிக்கார நண்பர் ஒருவர் ஐந்து ஸ்ட்ரோபெரிக் கன்று கொண்டுவந்து தந்தார். கொட்டாஞ்சேனை வெயிலில் அது நிற்குமா என்று யோசிக்கிற புத்தி எனக்கு இருக்கவில்லை. வீட்டுப் பின்முற்றத்தில் தண்ணீர்த் தாங்கியின் நிழலில் சட்டிகளை வைத்து, காலையில் வேரடியில் ஐஸ்கட்டி போடுவேன். "பிள்ளைகளுக்கு ஜூஸுக்கு ஐஸ் இல்ல, இவர் செடிக்குக் குளிர் காட்டுறார்" என்று மனைவி ஒழுங்கை முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

மேல் அறையில் யாழ்ப்பாணத்து மாக்கிறட் அக்கா மகன் யூட்டோடு வாடகைக்கு இருந்தார். யூட்டுக்குக் கனடா விசா வரவேண்டும், அதற்குத்தான் காத்திருப்பு. பொலிஸ் பதிவுத் துண்டை அக்கா ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருப்பார். ஒரு செடி பூத்து, சுண்டுவிரல் நகமளவில் பச்சைக் காய் பிடித்த அன்று நான் நேர்ந்துகொண்டேன்: முதல் பழம் அந்தோனியாருக்கு, யூட்டுக்கு விசா கிடைக்கவேண்டும்.

காய் பருக்கவில்லை. அரைக் கிலோ யூரியா வாங்கிவந்து படிக்கட்டின் கீழே வைத்தேன். கண்டதும் அக்காவின் முகம் வெளிறிவிட்டது.

"தம்பி, உத எறியுங்கோ. எங்கட பக்கம் இது தடை. குண்டு செய்யிற சாமான் எண்டு பிடிப்பாங்கள்."

"இது கொழும்பு அக்கா. கடையில விக்கிறாங்க."

"உங்களுக்குக் கொழும்பு. அடையாள அட்டையில யாழ்ப்பாணம் எண்டிருக்கிற பிள்ளைக்கு எல்லா இடமும் ஒண்டுதான்."

நான் சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். இரண்டு நாளில் ஐந்து செடியும் நெருப்புப் பட்டதுபோலக் கருகின. பச்சைக் காய் சுருங்கித் தொங்கியது. படிக்கட்டின் கீழே பொட்டலம் இல்லை. அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"முழுக்கக் கரைச்சு ஊத்திட்டீங்களா? தெரியாம செஞ்சதா?"

"தெரிஞ்சுதான் தம்பி. வெங்காயத் தோட்டத்தில வளந்தவள் நான். தண்ணி ஓடுற கானுக்க கொட்டினா வெள்ளையாத் தெரியும். மண்ணுக்க போனா ஒருத்தரும் காணாயினம்."

"உங்கட மகனுக்காகத்தானே நேர்ந்தன்! நன்றி கெட்ட சனம்!"

அக்கா கோபிக்கவில்லை. "அந்தோனியார் குறை நினைக்க மாட்டார் தம்பி. வாறவங்கள் நினைப்பாங்கள்" என்றுவிட்டு மேலே ஏறிப் போனார். பத்து நாள் நான் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

பதினோராம் நாள் விடிய ஆமியும் பொலிசும் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். சோதிக்க வந்தவன் நேரே படிக்கட்டின் கீழே கையை விட்டான். ஒரு விளக்குமாறும் பழைய சப்பாத்தும் வந்தன. பின்முற்றத்தில் சட்டி மண்ணைக் கம்பியால் குத்தி, "மே மொனவாத?" என்றான். என்ன இது என்று கேட்கிறான். "ஸ்ட்ரோபெரி, மாத்தயா" என்றேன். கொழும்பிலா என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தான். அப்படியிருந்தும் யூட்டை ட்ரக்கில் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள்.

பின்னேரம் யூட் நடந்து வந்தான். "வீட்டில ஒண்டும் எடுக்கேல்ல எண்டு எழுதியிருந்ததாம், அதால விட்டவங்கள்" என்றான். எங்கள் ஒழுங்கையிலிருந்து கூடப் போன இரண்டு பேர் அன்று திரும்பவில்லை.

நான் படிக்கட்டின் அடியில் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். "பாண் வாங்கி வரவா அக்கா?" என்று கேட்டேன்.

"ஓம் தம்பி" என்றார்.

பழம் இல்லாமலே மூன்றாம் மாதம் விசா வந்தது. அக்காவும் கூடப் போனார். இருவரும் விமான நிலையத்துக்கு வான் ஏறும்போதும் நான் பெட்டி தூக்கினேனே தவிர அதைச் சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் யூட் கனடாவிலிருந்து போன் எடுத்தான். அம்மா கர்த்தரிடம் போய்விட்டாராம்.

இப்போது சோதனைச் சாவடிகள் இல்லை. வீட்டில் யார் படுக்கிறார்கள் என்று பொலிசுக்கு எழுதிக் கொடுக்கிற வேலையும் இல்லை. பின்முற்றத்துக்குச் சீமெந்து போட்டுவிட்டோம், மகனின் கார் நிற்கிறது.

அந்தப் பெட்டியை வாங்கினேன். செவ்வாய்க்கிழமை கோயிலில் அந்தோனியாரின் காலடியில் கொண்டுபோய் வைத்தேன். கடைப் பழம் நேர்த்திக்குச் சேருமோ தெரியாது. தொலைந்ததைத் தேடித் தரச் சொல்லி எல்லாரும் அவரிடம் கேட்பார்கள். நான் அண்டைக்குச் சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்திட்டன் எண்டு மாக்கிறட் அக்காவிட்டச் சொல்லும் என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வந்தேன்.