கூண்டுக்கு வராத நாய்

மைசூரில் நான் நடத்தும் நாய்கள் காப்பகம், ஸ்ரீரங்கப்பட்டணம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு கரும்புத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. தொடங்கிய புதிதில் யார் கேட்டாலும் சரி என்றுதான் சொன்னோம். வீடு மாற்றுகிறோம், குழந்தை பிறந்திருக்கிறது, மாமியாருக்குப் பிடிக்கவில்லை என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லி நாயை விட்டுவிட்டுப் போவார்கள். இரண்டு நாய் படுக்க வேண்டிய கூண்டில் ஐந்து நாய்கள் கிடந்தன. சோறு வைக்கும்போது சண்டை. ஒன்றுக்கு இருமல் வந்தால் கொஞ்ச நாளில் எல்லாவற்றுக்கும் இருமல். எங்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொடுக்கும் கால்நடை மருத்துவர் ஒருநாள் பொறுமை இழந்து சொன்னார்: "இதுக்குப் பேரு காப்பகம் இல்ல மேடம், குடோன்."

எனக்குச் சுருக்கென்றது. அவர் போன பிறகு கூண்டுகளைச் சுற்றி வந்து பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

அந்த வாரம் ஒரு முடிவெடுத்தேன். இனி வளர்த்த நாயைக் கொண்டுவந்து விட வருபவர்களின் வீட்டுக்கு முதலில் நாம் போவது. அங்கேயே பிரச்சினையைத் தீர்க்க முடியுமா என்று பார்ப்பது. எங்கள் வண்டியை ஓட்டும் என் தோழிக்கு இது துளியும் பிடிக்கவில்லை. முன்பு ஸ்கூல் வேன் ஓட்டியவள். மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள்.

"ரோட்ல விட்டுட்டுப் போயிடுவாங்கக்கா. அந்தப் பாவம் நமக்கு எதுக்கு?"

"அப்படி விட்டா நாமளே போய் எடுத்துக்கலாம். ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாக்கலாமே."

முதலில் வந்து மாட்டியவர்கள் கொள்ளேகால் பக்கத்திலிருந்து மைசூருக்குக் குடிவந்த இளம் தம்பதி. கணவனுக்கு ஃபாக்டரி வேலை, மனைவிக்கு ஒரு ஹாஸ்டல் சமையலறையில் வேலை. கூட ஒரு பழுப்பு நிறப் பெட்டை நாய். அந்தப் பெண் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தாள்.

"ஓனரு கண்டிசனாச் சொல்லிப்போட்டாருங்க" என்றான் அவன். "நாங்க வேலைக்குப் போனா ஒரே ஊளையாமா. நாயா வீடான்னு கேக்கறாருங்க."

"நீங்க வெச்சுக்கிட்டீங்கன்னா ஞாயித்துக்கெழம வந்து பாத்துக்குவமுங்க்கா" என்றாள் அவள். நாயைப் பார்க்காமல் சொன்னாள்.

"இன்னிக்குக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்கு ஒங்க வீட்டுக்கு நான் வரேன்."

"வந்து என்னங்க்கா பண்ணுவீங்க?"

"தெரியல. வந்து பாக்கறேன்."

மறுநாள் காலை அவர்கள் வேலைக்குக் கிளம்பியதும், எதிர்வீட்டு மரத்தடியில் வண்டியை நிறுத்தி உட்கார்ந்தோம். கீழ்வீட்டில் இவர்கள் வாடகைக்கு இருந்தார்கள், மாடியில் வீட்டுக்காரர். மாடிப்படிக்கு அடியில் நாய் கட்டப்பட்டிருந்தது. சத்தமே போடவில்லை. பாட்டுப் போட்டுக்கொண்டு குப்பை வண்டி வந்தது. நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. "இது போய் ஊளையிடுதாமா?" என்றாள் என் தோழி.

பிறகு வீட்டுக்காரர் இறங்கி வந்து தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு மேலே போனார். மோட்டார் நாயின் தலைமாட்டிலேயே இருந்தது. கடகடவென்று அது ஓடத் தொடங்கியதும் நாய் சுவரோடு ஒண்டிக்கொண்டு ஊளையிட ஆரம்பித்தது. கயிறு எட்டியவரை விலகியும் பயனில்லை. மேலேயிருந்து ஒரு அதட்டல் வந்தது.

நான் படியேறிப் போனேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். கன்னடத்தில்தான் பேசிக்கொண்டோம்.

"சார், ஒரு நிமிஷம் மோட்டாரை நிறுத்துறீங்களா?"

"நீங்க யாரும்மா?"

சொன்னேன். வேண்டாவெறுப்பாக வந்து நிறுத்தினார். ஊளை நின்றது. மறுபடி போடச் சொன்னேன். மறுபடி ஊளை. அவர் நம்பாமல் தானே இன்னொரு முறை நிறுத்திப் போட்டுப் பார்த்தார்.

"சரி, அதுக்கு நான் தண்ணி ஏத்தாம இருக்க முடியுமா?" என்றார்.

"பின்னாடி துணி துவைக்கிற எடத்துல கட்டிக்கலாமே, சார்."

"அங்க எம் மனைவியோட பூச்செடி இருக்கு. நாய் தோண்டிடும்."

காப்பகத்தில் கிடந்த பழைய கம்பிவலையைக் கொண்டுவந்து செடிகளைச் சுற்றிக் கட்டினோம். அந்த ஞாயிறு கணவனும் மனைவியும் தகரம் போட்டு ஒரு நிழல் செய்தார்கள். கருத்தடை அறுவைச் சிகிச்சையை நாங்களே செய்துகொடுத்தோம். "ஒரு மாசம் பாப்பேன். அவ்வளவுதான்" என்றார் வீட்டுக்காரர்.

மாசம் முடியும் முன்பே அவரிடமிருந்து போன். "ஒங்க நாய் மல்லிகைச் செடியைத் தோண்டிடுச்சு. உடனே வாங்க."

எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஒரு கூண்டில் இடம் ஒதுக்கச் சொல்லிவிட்டு, கயிறும் கையுமாகப் போய் நின்றேன். அவர் கயிற்றைப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"நாயைக் கூட்டிட்டுப் போக, சார்."

"நாயைக் கூட்டிட்டுப் போங்கன்னு நான் சொன்னேனா? செடி எங்கம்மா?"

திரும்பி வரும் வழியெல்லாம் என் தோழி சிரித்தாள். நர்சரியில் இரண்டு மல்லிகைக் கன்று வாங்கிக்கொண்டு போய் நாங்களே நட்டுக்கொடுத்தோம். அவர் மனைவி காபி கொடுத்தார். நாய் வீட்டுக்காரரின் காலடியில் படுத்திருந்தது.

அதற்குப் பிறகு இப்படி எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறோம். எல்லா இடத்திலும் நடக்கவில்லை. கதவைச் சாத்தியவர்கள் உண்டு. தோழி பயந்தபடி சாலையில் விட்டவர்களும் உண்டு. அந்த நாய்களை நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஆனாலும் வரத்து குறைந்தது. உள்ளே இருப்பவற்றைப் பழக்கி நல்ல வீடுகளுக்குக் கொடுக்க எங்களுக்கு நேரம் கிடைத்தது. இருமல் போன இடம் தெரியவில்லை. மருத்துவர் இப்போது வந்தால் அவசரப்படாமல் டீ குடித்துவிட்டுப் போகிறார்.

சில மாதங்களுக்கு முன் நன்கொடை கொடுக்க வந்த ஒருவர், கழுவிக் காயப்போட்டிருந்த காலிக் கூண்டுகளைப் பார்த்து முகம் சுளித்தார். "என்ன, சும்மா கெடக்குது?" அவருக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தபோதே போன் வந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே நெடுஞ்சாலையில் கார் மோதி ஒரு நாய் விழுந்து கிடக்கிறது. பின்கால் உடைந்திருக்கிறது, எடுத்துக்கொள்வீர்களா என்று ஒரு இளநீர்க் கடைக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். பழைய நாட்களாக இருந்தால் எந்த நாயை எந்தக் கூண்டில் நெருக்குவது என்று கணக்குப் போட்டிருப்பேன்.

"அங்கேயே நிழல்ல வெச்சிருங்கண்ணா, வண்டி வருது" என்றேன். தோழி ஏற்கெனவே சாவியை எடுத்திருந்தாள். அந்தக் கணம் எனக்கு வந்த பெருமையை மறைக்க நான் முயலவில்லை. நன்கொடை கொடுக்க வந்தவரிடம் ஒரு பழைய போர்வையைக் கொடுத்து, இரண்டாவது கூண்டில் விரிக்கச் சொன்னேன்.