தறிக்கு முன்னால் சால்வை

என் அக்காவின் கணவர் வைத்திலிங்கம் சாவகச்சேரித் தபாலதிபர். தோளில் சால்வையில்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. 1938இல் விடுமுறைக்குக் கொழும்பு வந்தவரை வெள்ளவத்தையில் ஒரு நெசவாலை பார்க்க அழைத்துப் போனேன்.

"சால்வையை இடுப்பில கட்டுங்கோ, அத்தான். தறி இழுத்தால் கழுத்துப் போயிடும்," என்றேன். அப்படிச் சிக்கியவர்களுக்கு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டவள் நான்.

"சாமிக்கு முன்னால மட்டும்தான் இடுப்பில கட்டுவன். மிசினுக்கு முன்னால கட்டமாட்டன்!"

மூன்றாவது தறி சால்வை நுனியைப் பிடித்து இழுத்தது. கைப்பையிலிருந்த கத்தரிக்கோலால் சட்டென்று வெட்டிவிட்டேன்.

மிஞ்சியதை இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டு, கைகூப்பாத குறையாக மற்றத் தறிகளைத் தாண்டினார்.

"ஐயாவுக்குத் திருநீறும் வேணுமோ?" என்று சிரித்தாள் தறியில் நின்ற பெண்.

அத்தான் நெற்றியைத் தடவினார். காலையில் பூசியது வியர்வையில் கரைந்திருந்தது.

"இருந்தால் தா, பிள்ளை," என்றார்.