மயில்சாமி தண்ணீருக்குள் இறங்கிய விதம்

மயில்சாமிக்கு ரோலர் கோஸ்டர் பைத்தியம் பிடித்தது அமெரிக்கா வந்த முதல் கோடையில். பார்சிப்பனியில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அவருக்கு மெயின்ஃப்ரேம் புரோகிராமர் வேலை. கம்பெனி பிக்னிக் என்று எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றி ஒரு தீம் பார்க்குக்குக் கூட்டிப் போனார்கள். ஓரமாக நின்று ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை மேனேஜர் இழுத்துப் போய், மரத்தால் கட்டிய கோஸ்டர் ஒன்றில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். வண்டி செயினில் கடகடவென்று ஏறியது, உச்சியில் ஒரு மூச்சு நின்றது, அப்புறம் தலைகுப்புறப் பாய்ந்தது. கோபிச்செட்டிப்பாளையத்தில் பிறந்து, கோயமுத்தூரில் எஞ்சினியரிங் படித்து, அதுவரை யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியறியாத அந்த மனிதர், தன் தொண்டைக்குள் அப்படி ஒரு சத்தம் இருப்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். இறங்கியதும் மேனேஜர் குப்பைத்தொட்டியைத் தேடி ஓடினார். மயில்சாமி மறுபடி வரிசையில் போய் நின்றார்.

அதற்கப்புறம் அவருடைய கோடைகாலங்கள் எல்லாம் அந்தச் செயின் சத்தத்தோடுதான் போயின. மற்ற தமிழ்க் குடும்பங்கள் நயாகரா பார்க்கப் போனபோது மயில்சாமி குடும்பம் கோஸ்டர் பார்க்க ஒஹையோ போனது. பிட்ஸ்பர்க் கோயிலுக்குப் போகலாம் என்று கிளம்பிய பயணம்கூட பென்சில்வேனியாவில் ஒரு பார்க் வாசலில் பாதி நாள் நின்றுவிட்டுத்தான் சாமி பார்க்கப் போனது. மனைவி சண்முகப்ரியாவுக்கு ராட்டினம் என்றாலே தலைசுற்றல். அதனால் எந்த பார்க்குக்குப் போனாலும் அவள் பெஞ்சில் உட்கார்ந்து, பை, செருப்பு, தக்காளி சாத டப்பா, கேமரா எல்லாவற்றுக்கும் காவல் இருப்பாள். மகள் தாமரைச்செல்வி, ரைடு வாசலில் போட்டிருக்கும் உயர அளவுக் கோட்டைத் தொட்டதும் அப்பாவின் பக்கத்து சீட்டில் ஏறிவிட்டாள்.

ஊரில் ஜோசியரைத் தேடி வருவதைப்போல, புதிதாக வந்த குடும்பங்கள் பார்க் போவதற்கு முன்னால் மயில்சாமிக்கு ஃபோன் பண்ணின.

"கேட்டு தொறக்கறதுக்கு முன்னாடியே போய் நில்லுங்க," என்பார். "எல்லாரும் மொதல் ரைடுக்கு ஓடுவாங்க. நீங்க நேரா பின்பக்கம் போயிருங்க. கடைசிப் பொட்டியில உக்காருங்க, அதுலதான் நல்லாத் தூக்கிப் போடும். கைய மேல தூக்கிக்குங்க. கம்பியப் புடிச்சுட்டுப் போறதுக்கு வூட்டுலயே இருந்துக்கலாம்."

யாராவது வாட்டர் பார்க் பற்றிக் கேட்டுவிட்டால் மட்டும் குரல் மாறிவிடும். "அது பார்க்கே இல்லீங்க. குளிக்கறதுக்கு எதுக்குங்க டிக்கெட்டு?"

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஜூலை நாலாம் தேதி, அனந்தராமன் வீட்டுக் கொல்லையில் வெஜ் பர்கர் சுட்டுக்கொண்டிருக்கும்போது இந்தப் பேச்சு வந்தது. அனந்தராமன் ஆபீஸில் அவருக்கு சீனியர். மயிலாப்பூர்க்காரர், தொந்தி உள்ளவர், தண்ணீரைக் கண்டால் சின்னப் பிள்ளையாகிவிடுகிறவர்.

"தீம் பார்க்ல ஒரு கதை இருக்குதுங்க சார்," என்றார் மயில்சாமி. "ஏறறோம், உச்சியில நிக்கறோம், பயப்படறோம், அப்பறம் உழுகறோம். வாட்டர் பார்க்ல என்னங்க இருக்குது? ஒரு பைப்பு. பைப்புக்குள்ள மனுசன்."

"நீர் போய்ப் பாத்திருக்கீரா?"

"அதுக்குப் போய்ப் பாக்கோணும்னே இல்லீங்க."

"பாக்காமயே தீர்ப்பா? பேஷ். அடுத்த சனிக்கிழமை நாங்க போறோம். குடும்பத்தோட வந்து பாத்துட்டுச் சொல்லும், கேட்டுக்கறேன்."

"ப்ளீஸ் ப்பா! கேன் வீ கோ?" என்று தாமரைச்செல்வி குதித்தாள்.

மயில்சாமி மறுப்பதற்கு வாயைத் திறந்தார். அதற்குள் சண்முகப்ரியா, பர்கருக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "நாம போலாமுங்க," என்றாள். அதுவரை அவள் பார்க் விஷயத்தில் அபிப்பிராயம் சொன்னதாக மயில்சாமிக்கு நினைவில்லை. திகைத்துப் போய்ச் சரி என்றுவிட்டார்.

அந்த வாட்டர் பார்க் நியூ ஜெர்ஸியின் வடக்குப் பக்கம், மலைச்சரிவில் இருந்தது. உள்ளே போனதுமே மயில்சாமிக்குக் குறைகள் தென்பட ஆரம்பித்தன. கோட்டை இல்லை, கொடி இல்லை, பொம்மை வேஷம் போட்டவன் ஒருவனும் இல்லை. எங்கே பார்த்தாலும் குளோரின் வாசனையும் ஈரத்துண்டும். எல்லாச் சனிக்கிழமைகளையும்போல ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஜீன்ஸோடு எந்த ரைடிலும் ஏறக்கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். பார்க் கடையில் அவருடைய இடுப்பு அளவுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு அரைக்கால் சட்டை. ஆரஞ்சுத் துணியில் பெரிய பெரிய அன்னாசிப்பழம்.

"அப்பா, யூ லுக் சோ கூல்," என்றாள் தாமரைச்செல்வி. சண்முகப்ரியா துண்டால் வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்து செருப்பு போனது. வெயிலில் காய்ந்த சிமென்ட் தரையில் மயில்சாமி பூக்குழி இறங்கியவர்போல எட்டி எட்டிக் குதித்துக்கொண்டு போனார். அடுத்து கண்ணாடி. கோஸ்டரில் பின்னால் எலாஸ்டிக் நாடா கட்டிக்கொண்டு போட்டுக்கொள்வார். இங்கே அதுவும் கூடாது. கண்ணாடியைச் சண்முகப்ரியாவின் பையில் போட்டதும் உலகம் நீலமும் பச்சையுமாகக் கரைந்துபோனது.

முதலில் ட்யூபில் உட்கார்ந்து மெல்ல மிதந்து போகிற கால்வாய்க்குக் கூட்டிப் போனார்கள். அனந்தராமன் தொந்தியின்மேல் கைகளைக் கோத்துக்கொண்டு, கண் மூடி, அனந்தசயனமாகப் போய்க்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு ஓய்?"

"தூக்கம் வருதுங்க சார்."

"அதான் ஓய் சுகமே!"

"தூங்கறதுக்கு எனக்கு ஆபீஸ் இருக்குதுங்களே. இந்தப் பார்க்லயே பெரிசு எதுங்க?"

பெரிசு மலைச்சரிவின் உச்சியில் இருந்தது. ஒரு மரக் கோபுரம், அதிலிருந்து ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும் வெள்ளைச் சறுக்கு, கீழே நீளமான தண்ணீர்த் தொட்டி. மகளைக் கூட்டிக்கொண்டு படியேறினார். வழியெல்லாம் விளக்கம்.

"பாரு கண்ணு. கோஸ்டர்னா ஏத்திவிடறதுக்குச் செயின் இருக்குது. இங்க நம்ம காலுதான் செயினு. இதுலயே பாதி மார்க்கு போச்சு."

"அப்பா, இட்ஸ் ரியலி ஹை."

"இதென்ன ஒசரம். நாம பாக்காத ஒசரமா?"

உச்சியில் காற்று வீசியது. ஈர உடம்பு நடுங்கியது. நடுக்கத்துக்குக் காற்றுதான் காரணம் என்று மயில்சாமி உறுதியாக நம்பினார். வரிசை நகர்ந்தது. தாமரைச்செல்வி அவரைத் திரும்பிப் பார்த்து, "பை ப்பா!" என்று கையாட்டிவிட்டுப் படுத்தாள். அடுத்த நொடி அங்கே பிள்ளை இல்லை. வெறும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மயில்சாமி படுத்தார். காலைக் குறுக்காகப் போடச் சொன்னாள் லைஃப்கார்ட் பெண். போட்டார். கையை மார்பில் கட்டச் சொன்னாள். கட்டவில்லை. அவருடைய இரண்டு கைகளும் தம் போக்கில் பக்கவாட்டில் ஒரு கம்பியைத் துழாவிக்கொண்டிருந்தன.

"வேர் இஸ் த பார்?" என்று கேட்டார்.

"நோ பார், சார்."

"பெல்ட்?"

"நோ பெல்ட்."

"தென் வாட் ஹோல்ட்ஸ் மீ?"

அந்தப் பெண்ணிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "கிராவிட்டி," என்றாள்.

எஞ்சினியரிங் படித்தவருக்கு அந்த பதில் போதவில்லை. இத்தனை வருஷம் கையை மேலே தூக்கிக்கொண்டு போனதெல்லாம் மடியில் ஒரு இரும்புக் கம்பி அழுத்திக்கொண்டிருந்த தைரியத்தில்தான் என்பது, ஈரப் பிளாஸ்டிக்கில் மல்லாந்து கிடந்தபோதுதான் அவருக்குப் புரிந்தது. போதாததற்கு நீச்சலும் தெரியாது. மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். பின்னால் நின்றவர்களிடம், "எக்ஸ்க்யூஸ் மீ, சாரி, கண்ணாடி மறந்துட்டேன், மை கிளாஸஸ்," என்று சொல்லிக்கொண்டே வரிசைக்கு எதிராகப் படியிறங்க ஆரம்பித்தார். அன்னாசிப்பழ அரைக்கால் சட்டையை எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டுப் பார்த்தார்கள்.

பாதிப் படியில் மூச்சு வாங்கியபடி ஒரு பெரிய உருவம் ஏறி வந்தது. குரலைக் கேட்டதும்தான் யார் என்று தெரிந்தது.

"என்ன ஓய், கீழ போறதுக்கு மேல வேற வழி இருந்ததே? அதை விட்டுட்டு இப்படி வரீரே?"

"கண்ணாடிங்க சார்," என்றார் மயில்சாமி.

கீழே தாமரைச்செல்வி தலை சொட்டச் சொட்ட நின்றுகொண்டு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். "அப்பா சிக்கன்ட் அவுட்! பயந்துட்டாங்க!"

"டிசைன் சரியில்ல ப்ரியா," என்றார் மயில்சாமி. "தண்ணி ஒரு பக்கமா ஓடுது. நானா இருந்தா இதுக்கு பர்மிட்டே குடுத்திருக்க மாட்டேன்."

சண்முகப்ரியா தோளிலிருந்த பையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். "இதைக் கொஞ்சம் புடிங்க."

"எங்க போற?"

"மேல."

"உனக்குத் தலை சுத்துமே!"

"சுத்துனாத்தானுங்க எனக்கு ஆகாது. உழுகறதுக்கென்ன? கீழ்பவானி வாய்க்காப் பாலத்துமேல இருந்து குதிச்சுக் குதிச்சு எங்கம்மாகிட்ட எத்தன அடி வாங்கியிருக்கேன்."

மயில்சாமிக்கு இது புதுச் செய்தி. அதே வாய்க்கால் அவருடைய ஊர் வழியாகவும்தான் ஓடியது. அவர் அதைக் கரையில் நின்று பார்த்தவர். அவர் இதைப் பற்றி யோசித்து முடிப்பதற்குள், மஞ்சள் டீ-ஷர்ட்டும் கறுப்பு லெகிங்ஸும் போட்ட மனைவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கோபுரத்தை நோக்கிப் போய்விட்டாள்.

பெஞ்சில் உட்கார்ந்தார். பை கனத்தது. உள்ளே தக்காளி சாதம், தண்ணீர் பாட்டில், மூன்று பேர் துணி, சன்ஸ்கிரீன். பக்கத்தில் அனந்தராமனின் மனைவி காமாக்ஷி நூலும் ஊசியுமாக ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். வாட்டர் பார்க்குகளில் பல வருஷம் உட்கார்ந்த அனுபவம் உள்ளவர்.

"அந்தக் கோடிக்கு நகர்ந்துக்கோங்கோ," என்றார் அவர். "செத்த நாழில அங்க நிழல் வந்துடும். முதல்ல முதுகு வலிக்கும். அப்புறம் பழகிடும்."

அந்த நேரத்தில் யாரோ ஒரு அமெரிக்க அம்மாள் வந்து, தன் பையையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டுப் போனாள். பிறகு இன்னொருத்தி ஒரு ஸ்ட்ரோலரை நிறுத்தினாள். நல்லவேளை, அது காலி.

மயில்சாமி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கோபுர உச்சியில் மஞ்சள் நிறத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. இதுவரை எந்தக் கோஸ்டரின் எந்த உச்சியிலும் வராத பயம் அவருக்குப் பெஞ்சில் உட்கார்ந்த இடத்தில் வந்தது. அந்த அமெரிக்க அம்மாளின் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

மஞ்சள் புள்ளி படுத்தது. வெள்ளைச் சறுக்கில் ஒரு கோடு. தொட்டியில் தண்ணீர் இரண்டு பக்கமும் சுவராக எழும்பி, அதற்குள் அவள் காணாமல் போனாள்.

"ப்ரியா!" என்று கத்தினார் மயில்சாமி.

நுரைக்குள்ளிருந்து சண்முகப்ரியா எழுந்தாள். முகத்தை மறைத்த முடியை ஒதுக்கிவிட்டுச் சிரித்தாள். வீட்டில் விருந்தாளிகள் முன்னால் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. பார்க் பூராவும் கேட்கிற மாதிரி, கெக்கெக்கே என்று ஒரு சிரிப்பு. மயில்சாமி கையாட்டினார். அவள் பார்க்கவில்லை. மறுபடி படியேறிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அவள் எத்தனை தடவை இறங்கினாள் என்று யாரும் எண்ணவில்லை. சாயங்காலம் இடி இடித்து, விசில் ஊதி, எல்லாரையும் தண்ணீரிலிருந்து வெளியேற்றியபோதுதான் வந்தாள். வந்தவள் தக்காளி சாதத்தை டப்பாவோடு வாங்கி நின்றபடியே தின்றாள்.

காரில் திரும்பும்போது தாமரைச்செல்வி பின்சீட்டில் தூங்கிவிட்டாள். ஃப்ரீவேயில் ஏறியதும் மயில்சாமி மெல்லக் கேட்டார்.

"ஏம்புள்ள, இத்தன நாளா இதை எங்கிட்டச் சொல்லவேயில்ல?"

"அது பார்க்கே இல்லைன்னு ஊரெல்லாம் ஃபோன்ல சொல்லிட்டிருந்தீங்க. அப்பறம் எங்க போயி என்னத்தச் சொல்றது?"

மயில்சாமி ஒரு கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து இடுப்பைப் பிடித்துவிட்டுக்கொண்டார். "முதுகு வலிக்குது," என்றார்.

"எனக்கு வலிக்காமயா இருந்துச்சு?" என்றாள் அவள், கோபமில்லாமல்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் மயில்சாமி சனிக்கிழமைதோறும் நீச்சல் வகுப்புக்குப் போனார். பெரியவர்களுக்கான வகுப்பில் இடம் இல்லை; சின்னப் பிள்ளைகள் வகுப்பில் பின்வரிசையில் சேர்த்துக்கொண்டார்கள். முட்டியளவு தண்ணீரில் மண்டியிட்டு, மூக்கைப் பொத்தி, அவர்களோடு சேர்ந்து குமிழி விட்டார். நன்றாகக் குமிழி விட்டதற்கு ஒரு தவளை ஸ்டிக்கர் கொடுத்தார்கள். அதை ஆபீஸில் மானிட்டர் ஓரத்தில் ஒட்டினார். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்களில் தேதி குழம்பிவிடும் என்ற வொய்டூகே நெருக்கடியில் கிடந்தவர்கள் அதைப் பார்த்துக் கேட்டபோது மறைக்காமல் சொன்னார்.

ஃபோனில் கேட்பவர்களுக்கும் பதில் மாறியது. "கோஸ்டர் புடிச்சவங்க வாட்டர் பார்க்கு போலாமுங்களா?" என்று எடிசனிலிருந்து ஒருவர் கேட்டார். "கட்டாயம் போங்க," என்றார் மயில்சாமி. "கோஸ்டர்ல வண்டி உழுகும், நாம கூடப் போவோம். அங்க வண்டியில்ல, நாமதான் உழுகோணும். ரெண்டும் வேற வேறைங்க. ஜீன்ஸ் மட்டும் போட்டுட்டுப் போயிராதீங்க."

அடுத்த ஜூலையில் அதே கோபுரம், அதே காற்று. மயில்சாமி படுத்தார். கால் குறுக்கே, கை மார்பில். எதையும் கேட்கவில்லை. அப்புறம் என்ன நடந்தது என்று அவரால் சரியாகச் சொல்ல முடியாது. முதுகுக்கடியில் தரை விலகியது, வயிறு மேலேயே தங்கிவிட்டது, காதில் ஒரே இரைச்சல். கத்துவதற்கு வாயைத் திறந்தபோது தொட்டித் தண்ணீரில் பாதி உள்ளே போனது.

இருமிக்கொண்டே எழுந்து நின்றார். மங்கலாக ஒரு சின்ன உருவம் பக்கத்தில் வந்தது.

"ஹௌ வாஸ் இட், ப்பா?"

"பயமா இருந்துச்சு கண்ணு," என்றார் மயில்சாமி. ஒரு ரைடைப் பற்றி அவர் வாயிலிருந்து அப்படி வந்தது அதுதான் முதல் தடவை. "நெசமாலுமே பயமா இருந்துச்சு. அம்மா எங்க?"

"ஷீஸ் ஆல்ரெடி கோயிங் அப்."

மயில்சாமி அரைக்கால் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சுடுகிற சிமென்டில் எட்டி எட்டிக் குதித்தபடி, மனைவியின் பின்னால் ஓடினார்.