வாசலில் நின்று சொன்ன விலை

உள்ளே என்ன இருக்கிறது என்று முழுதாகத் தெரியாமலே விலை சொல்லி, காசையும் கட்டிவிட்டு, அதற்குப் பிறகு திறந்து பார்க்கிற தொழில் எங்களுடையது.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நானும் என் வீட்டுக்காரர் மாணிக்கமும் மலேசியாவில், ஈப்போ குனோங் ராபாட்டில் பழைய சாமான் கடை வைத்திருந்தோம். அந்தக் காலத்தில் டவுனில் கடைவீடுகளுக்குப் பின்னால் வியாபாரிகள் ஸ்டோர் அறை வாடகைக்கு எடுப்பார்கள். வாடகை நின்றுபோனால் கட்டடச் சொந்தக்காரர் கோர்ட்டுக்குப் போவார். கோர்ட்டு ஆள் வந்து, உள்ளே கிடப்பதை மொத்தமாக லேலோங், அதாவது ஏலம், விடுவார். கொஞ்ச நேரம் கதவைத் திறந்து காட்டுவார்கள். வாசலில் நின்று பார்க்கலாம். உள்ளே கால் வைக்கக்கூடாது, எதையும் தொடக்கூடாது. அதற்குள் நம் மனதில் ஒரு விலை வந்தாக வேண்டும். லேலோங்கில் கையைத் தூக்கிவிட்டு, வேறு யாராவது கூடக் கேட்டுத் தொலைக்க மாட்டார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான். மேலே படியுங்கள்.

கனமான பெட்டிகள்

ஆரம்பத்தில் லேலோங்குக்கு என் வீட்டுக்காரர் மட்டும்தான் போவார். லோரி ஓட்டிப் பழகியவர். எது கனமாக இருக்கிறதோ அதுதான் விலை போகும் என்பது அவர் கணக்கு. ஒருநாள் ஒரு ஸ்டோரில் மரப்பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. அடியில் இருந்த பலகைத் தரையே வளைந்திருந்ததாம். எதிரில் நின்று விலை கேட்டவர் ஆ செங் தவுக்கே, சீன முதலாளி. டவுனுக்கு அந்தப் பக்கம் அவருக்கும் எங்களைப் போலவே ஒரு கடை. அவருடைய அம்மா தோட்டம் தோட்டமாகப் போய்க் காய்கறி விற்றவர் என்பதால், தவுக்கே நம்மைப் போலவே தமிழ் பேசுவார். அவரிடம் தோற்கக்கூடாது என்கிற ஒரே எண்ணத்தில் இவர் கேட்டுக்கொண்டே போயிருக்கிறார். தவுக்கே நிறுத்திவிட்டுச் சிரித்ததைக் கூட இவர் கவனிக்கவில்லை.

கடை வாசலில் லோரியை நிறுத்தி, ஊர் பார்க்க முதல் பெட்டியை உடைத்தார். உள்ளே பல். அசல் பல் இல்லை, பல் கட்டுகிறவர் அளவெடுத்து வார்த்து வைத்த சாந்துத் தாடைகள். மேல் வரிசை, கீழ் வரிசை என்று ஈப்போவில் பாதிப் பேர் வாய் எங்கள் கடையில் கிடந்தது. எல்லாப் பெட்டியிலும் அதுதான். நான் ஒன்றும் சத்தம் போடவில்லை. இனிமேல் கையை நீங்கள் தூக்குங்கள், விலையை நான் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அலமாரி பார்க்க வந்திருந்த ஒரு பெண் அந்தத் தாடைகளில் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, இதுல எங்க மாமியார் வாய் இருந்தா எடுத்து வைங்க. பேசாத வாயா ஒண்ணு வீட்ல இருக்கட்டும்."

குடை

என் கணக்கு வேறு. கண்ணுக்குத் தெரிகிற சாமானுக்கு மட்டும்தான் விலை. பின்னால் இருப்பது, பெட்டிக்குள் இருப்பது, கோணியால் மூடியிருப்பது எல்லாம் எனக்குப் பூஜ்யம். தெரிகிற சாமானை என் கடையில் வைத்தால் என்ன கிடைக்கும் என்று பார்ப்பேன், அதில் பாதிக்கு மேல் போகமாட்டேன். அந்த நாளில் லேலோங்குக்கு வருகிற பொம்பளை நான் ஒருத்திதான். கூட்டத்தில் நின்று கத்துவதற்கு எனக்கு இஷ்டமில்லை. அதனால் கொஞ்சம் தள்ளி, குடையை விரித்துக்கொண்டு நிற்பேன். குடை விரிந்திருக்கும் வரைக்கும் அவர் கேட்கலாம். மடக்கினால் நிறுத்த வேண்டும்.

ஒரு வருடம் நன்றாகப் போனது. அதற்கப்புறம் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. நல்ல ஸ்டோர் எல்லாம் ஆ செங் தவுக்கேவுக்கே போயின. அதுவும் நாங்கள் நிறுத்திய விலைக்கு மேல் சரியாக ஐந்து வெள்ளிக்கு, அதாவது ஐந்து ரிங்கிட்டுக்கு. ஒருநாள் காப்பிக் கடையில் அவரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. ரொட்டியைக் காப்பியில் தோய்த்துக்கொண்டே சொன்னார்:

"நீ சொல்ற விலை எப்பவும் சரியா இருக்கு, தங்கச்சி. நீ குடையை மடக்கினதும் நான் அஞ்சு வெள்ளி கூடப் போட்டா போதும். நான் ஏன் தனியாத் தலையை உடைச்சுக்கணும்லா?"

சிமெண்டு

அடுத்து வந்தது ஒரு கட்டடக் கான்ட்ராக்டரின் ஸ்டோர். கதவைத் திறந்ததும் சிமெண்டு மூட்டை மலை போலத் தெரிந்தது. எல்லார் கண்ணும் மூட்டையில் இருந்தது. நான் சுவரைப் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்குப் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு ஓடியது. தண்ணீர் நின்று வடிந்த அடையாளம் அது. கீழ் வரிசை மூட்டைகளின் ஓரம் கத்தி மாதிரி விறைத்திருந்தது. அது சிமெண்டு இல்லை, கல்.

அன்றைக்கு நான் குடையை மடக்கவில்லை. வேறொருவர் கேட்கக் கேட்க என் வீட்டுக்காரரும் கூட்டிக்கொண்டே போனார். அவர் அடிக்கடி என்னைத் திரும்பிப் பார்த்தார்; நான் தூரத்து மலையைப் பார்த்தேன். நல்ல சிமெண்டுக்கு என்ன விலை வருமோ அதுவரைக்கும் போகவிட்டு, பிறகு மடக்கினேன். ஆ செங் தவுக்கேயின் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மட்டும் அன்றைக்குச் சும்மா இருந்திருந்தால் அந்தக் கல்லெல்லாம் எங்கள் தலையில்தான் விழுந்திருக்கும். கை எழும்பியது, ஐந்து வெள்ளி கூட.

இரண்டு வாரம் அவரைக் காணவில்லை. கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். அடுத்த லேலோங்கில் அவரே என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மூட்டை எல்லாத்தையும் வீட்டுக்குப் பின்னாடி ஆத்தங்கரையில அடுக்கிட்டேன், தங்கச்சி. இனிமே வெள்ளம் வந்தாலும் எனக்குப் பயமில்லை. நீ குடையை வெயிலுக்கு மட்டும் பிடி."

கான்வாஸ்

நான் தப்பே பண்ணாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். கோப்பெங் ரோட்டில் ஒரு ஸ்டோர். உள்ளே பெரிய கான்வாஸ் துணி ஒன்று எதையோ மூடிக் கிடந்தது, முன்னால் இரண்டு உடைந்த நாற்காலிகள். என் வீட்டுக்காரர் என் காதோரம் வந்து, துணிக்கு அடியில் ஏதோ இருக்கிறது, எனக்குப் படுகிறது என்றார். உங்களுக்குப் பல் பெட்டியும் இப்படித்தான் பட்டது என்றேன். துணிக்கும் நாற்காலிக்கும் என்ன விலையோ அதற்குமேல் ஒரு வெள்ளி கூட விடவில்லை. வேறு ஒருவர் கொஞ்சம் கூடக் கேட்டு எடுத்துக்கொண்டார். அவர் அங்கேயே துணியை இழுத்தார். வரிசையாகப் புதுத் தையல் மெஷின்கள், ஒட்டிய காகிதம் கூடப் பிரிக்காமல்.

என் வீட்டுக்காரர் லோரியை வீட்டுக்கு ஓட்டி வந்தார். லோரி எஞ்சினை நிறுத்திவிட்டு, இறங்காமல் உட்கார்ந்தபடியே சொன்னார்:

"பரவால்ல பாக்கியம். கான்வாஸுக்கு நீ சொன்ன விலை ரொம்பச் சரி."

தம்பியின் சாமான்

ஒருமுறை லேலோங்குக்கு வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட கால்சட்டையோடு ஒரு பெரியவர் வந்திருந்தார். ரயில்வேயில் உத்தியோகம் பார்த்து ரிட்டையர் ஆன யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் எல்லாரும் அரட்டை அடித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் தனியாக நின்றார். கதவைத் திறந்தார்கள். ஒற்றை ஆளின் சாமான். மடக்குக் கட்டில், புத்தக அடுக்கு, ரேடியோ, காலுக்குப் போடுகிற சப்பாத்து இரண்டு ஜோடி, ஒரு மேசை. நான் பார்த்த மாத்திரத்தில் முப்பது வெள்ளி என்று முடிவு செய்தேன்.

நாங்கள் இருபதில் தொடங்கினோம். பெரியவர் முப்பது என்றார். என் வீட்டுக்காரர் நிறுத்திவிட்டார். ஆ செங் தவுக்கே வாயே திறக்கவில்லை. கோர்ட்டு ஆள் ஒருதரம் சொல்லி, இரண்டாம் தரம் சொல்வதற்குள் பெரியவர் மறுபடி கையைத் தூக்கி அறுபது என்றார். கூட்டத்தில் சிரித்தார்கள். ஐயா, உங்கள் விலைக்கு மேல் யாரும் கேட்கவில்லையே என்று கோர்ட்டு ஆள் மெதுவாகச் சொன்னார். பெரியவர் யாரையும் பார்க்காமல் நூறு என்றார். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

அவர் லோரி கொண்டுவரவில்லை என்பதால் நாங்களே அவர் வீட்டில் சாமானை இறக்கிக் கொடுத்தோம். வழியில்தான் சொன்னார், அது அவருடைய தம்பியின் அறை. கல்யாணம் செய்யாதவர். அண்ணன் தம்பிக்குள் பல வருடமாகப் பேச்சில்லை. தம்பி போய்ச் சேர்ந்ததே இவருக்குத் தாமதமாகத்தான் தெரிந்திருக்கிறது. ஐயா, முப்பதுக்கே உங்களுக்குக் கிடைத்திருக்குமே என்று எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அவர் மடியில் இருந்த சப்பாத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நான் சொன்ன விலை எனக்கே காணாது எண்டு பட்டுது, பிள்ளை."

பெயர் எழுதிய பெட்டிகள்

சித்தியவான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம் கைமாறி, பாமாயில் எடுக்கிற செம்பனை நடப்போனார்கள். பழைய தோட்ட ஸ்டோரை அப்படியே லேலோங் விடுவதாகச் செய்தி வந்தது. போனோம். ரப்பர் பால் வாளி, தகரம், ரப்பர் ஷீட் அழுத்துகிற கை ரோலர் மெஷின்கள். தகரத்துக்கும் ரோலருக்கும் மனதில் விலை போட்டுக்கொண்டேன். அப்போதுதான் பின் மூலையில் டிரங்குப் பெட்டிகள் கண்ணில் பட்டன. ஒவ்வொன்றிலும் பூ வரைந்து பெயர் எழுதியிருந்தது. மாரியாயி, செல்லம்மா, முனியாண்டி.

வேலிக்கு வெளியே பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றார்கள். விசாரித்தேன். போன மழையில் புயல் அடித்து, தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்துக் கூரை பறந்துபோனதாம். நனையாமல் இருக்கட்டும் என்று பெட்டிகளைத் தோட்ட ஸ்டோரில் வைத்திருக்கிறார்கள். பிறகு தோட்டம் கைமாறி, ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். பெட்டி எடுக்கத் திரும்பி வந்தால் ஸ்டோரில் புதுப் பூட்டு. புது முதலாளியின் ஏஜெண்டைப் போய்க் கேட்டால், உள்ளே இருப்பது எல்லாம் ஸ்டோரோடு சேர்ந்தது என்று சொல்லிவிட்டாராம். கல்யாணப் புடவையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றான சூராட்டும் போட்டோவும் அதில்தான் இருக்கின்றன என்றார்கள். என் கணக்குப்படி அந்தப் பெட்டிகளுக்கு விலை பூஜ்யம். இன்னொருத்தி கல்யாணப் போட்டோவை யார் வாங்குவார்?

லேலோங் தொடங்கியது. ஆ செங் தவுக்கே, பழைய இரும்பு எடுக்கிற ஒரு சித்தியவான் ஆள், நாங்கள். என் விலை வந்தது. தவுக்கே நிறுத்திக்கொண்டார். என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் வேலிப் பக்கம் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். அவர் கேட்டார். இரும்புக்காரர் கூட்டினார். மறுபடி தலையாட்டினேன். என் கணக்குக்கு வெளியே அவ்வளவு தூரம் நான் அதுவரைக்கும் போனதில்லை. ஆனால் தப்புச் செய்கிறேன் என்று ஒரு நிமிடம் கூடத் தோன்றவில்லை. அப்போது தவுக்கே நடந்துபோய் இரும்புக்காரர் காதில் சீனத்தில் ஏதோ சொன்னார். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையை இறக்கினார்.

பெட்டிகளை அங்கேயே, அந்தப் பெயர்களைக் கூப்பிட்டுக் கொடுத்தோம். வராதவர்களின் பெட்டிகளைப் பக்கத்து வீட்டுக்காரிகள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். செல்லம்மா என்பவர் தன் பெட்டியில் ஒரு கைப்பிடி குறைகிறது என்று லோரிக்குள் ஏறித் தேடினார்; நானும் கூடத் தேடினேன். கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் தேத்தண்ணிக் கடையில் தவுக்கேயைப் பிடித்து, அந்த ஆளிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"இந்தப் பொம்பளை இன்னைக்கு வியாபாரம் பண்ண வரலைன்னு சொன்னேன். அப்படி வந்தவங்க நிறுத்த மாட்டாங்க, நமக்குத்தான் நேரம் வீண்லா."

ரோலர்

அந்த ஸ்டோரில் எங்களுக்குக் கையைக் கடிக்கும் என்றுதான் நினைத்தேன். தகரம், போட்ட காசில் பாதியைத்தான் கொண்டுவந்தது. ரோலர் மெஷின்கள் கடை ஓரத்தில் துருப்பிடிக்கத் தொடங்கின. ரப்பர் வைத்திருந்தவர்களே செம்பனைக்கு மாறிக்கொண்டிருந்தபோது அதை யார் கேட்பார்?

ஒருநாள் லுமூட்டிலிருந்து ஒரு மலாய்க்காரர் வந்தார். ராத்திரிச் சந்தையில் காய்ந்த சோத்தோங், அதாவது கணவாய், சுட்டு விற்கிறவர். சுட்ட சோத்தோங்கை நசுக்குவதற்கு அவருக்கு ரோலர் வேண்டும். ஒன்றை எடுத்துப் போனார். மறுமாதம் கூட்டாளிகளைக் கூட்டி வந்து மிச்சத்தையும் எடுத்துக்கொண்டார். நான் சொன்ன விலைக்குப் பேரமே பேசவில்லை. மெஷின் எப்படி இருக்கிறது என்று மலாயில் விசாரித்தேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவராம், சிரித்துக்கொண்டே தமிழிலேயே பதில் சொன்னார்:

"நல்லா நசுக்குது, அக்கா. முதல் வாரம் மட்டும் சாப்பிட்டவங்க எல்லாம் ரப்பர் மாதிரி இருக்குன்னாங்க, அது பொய்யில்லையே."

ஆகவே நம்ம ஆட்களே, லேலோங்கில் நஷ்டப்படாமல் இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அங்கே போகாமல் இருப்பதுதான் என்று நானும் என் வீட்டுக்காரரும் ஒவ்வொரு தடவையும் லோரியில் லேலோங்குக்குப் போகும்போதே பேசி முடிவு செய்துகொள்வோம்.