அரைப்பேர் ரொட்டி

ஜீவராணியக்கா சமையல் புத்தகம் போட வந்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஹட்டனில் நான் வேலை செய்யும் அச்சகத்துக்கு வருவதெல்லாம் கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கடை பில் புத்தகம். எப்போதாவது ஒரு வாத்தியார் கவிதைக் கட்டோடு வந்து முதலாளி லியனார்டின் உயிரை எடுப்பார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்து ஓய்ந்த ஒரு பெண், வேலையை விட்டபோது கிடைத்த சேமலாபப் பணத்தை வீடு திருத்தாமல் புத்தகத்துக்குக் கொண்டுவந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"ஒங்க சமையலை யாருக்கா படிக்கப் போறாங்க?" என்று கேட்டும் விட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"படிக்க வேணாம் பிரேமினி, ஆக்கித் தின்னா போதும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எழுத்துப் பிழை வந்தா பரவாயில்ல. அளவு மட்டும் பிழைச்சிரக் கூடாது. பொண்ணுங்க ஆக்கிப் பாத்துட்டு, இந்த ராணிக்கு அடுப்படியே தெரியாதுன்னு சொல்லிட்டா நான் எப்படி அந்தத் தோட்டத்துல நடப்பேன்?" என்றார்.

அவர் வட்டகொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, முழங்கால் கைவிடும்வரை கொழுந்து எடுத்தவர். மகள் சுலக்ஷனா கட்டுநாயக்கவுக்கு கார்மண்ட்ஸ் வேலைக்குப் போனாள். போர்டிங்கில் இருந்துகொண்டு, "அம்மா, நம்ம வீட்டு ரொட்டி எப்படிச் சுடுறது?" என்று கேட்டாள். எழுதுவது சிரமம் என்று அக்கா வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார். கூட இருந்த பிள்ளைகள் அதைத் தங்கள் கூட்டாளிமாருக்கு அனுப்ப, மா விலை எக்கச்சக்கமாக ஏறிய அந்த வருடம் அக்காவின் குரல் எத்தனையோ போர்டிங் அறைகளில் கேட்டது. பிறகு ஒருநாள் மகளின் ஃபோன் வாளித் தண்ணீரில் விழுந்தது. பேசியது எல்லாம் போய்விட்டது, அக்காவின் ஃபோனிலும் மற்றவர்களிடமும் ஒன்றிரண்டுதான் மிச்சம் என்று அவள் அழுதாளாம். "அப்ப புத்தகமாப் போட்டுருவோம்" என்று அக்கா சொன்னாராம். எனக்கு அப்படியெல்லாம் தோன்றவே தோன்றாது.

எல்லாவற்றையும் முதலிலிருந்து திரும்பப் பேசி அனுப்பினார். அதைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்தவன் எங்கள் கம்ப்யூட்டர் நிரோஷன். கொழும்பு கொட்டாஞ்சேனைப் பையன், தோட்டத்துப் பேச்சு தெரியாது. விரல் வேகம் என்றால் வேகம். ஆனால் வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது.

'பெரட்டுக்குப் பிந்தாத சமையல்' என்று அக்காவே பெயர் வைத்தார். விடியக்காலையில் பெரட்டுக்களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க ஓடுகிற பெண்கள் அதற்குள் ஆக்கி முடிக்கிற சமையல். எல்லாம் அச்சாகி என் மேசைக்கு வந்தது. தாள் மடிக்கும்போது வாசிப்பது என் பழக்கம். ஒரு பக்கத்தில் கை நின்றுவிட்டது.

'மூன்று பேருக்கு ரொட்டி. கோதுமை மா இரண்டு சுண்டு.' அதற்குக் கீழேயே, 'ஆறு பேருக்கு ரொட்டி. கோதுமை மா ஒரு சுண்டு.'

சுண்டு என்றால் ஒரு பால் டின் அளவு. மூன்று பேருக்கு இரண்டு டின், ஆறு பேருக்கு ஒரு டின்னா? உருளைக்கிழங்குக் கறியைப் பார்த்தேன். பருப்பைப் பார்த்தேன். புத்தகம் முழுக்க அப்படியே தலைகீழாக இருந்தது.

"நிரோஷன்!" என்று நான் போட்ட சத்தத்தில் முதலாளியும் எழுந்து வந்துவிட்டார். நிரோஷன் அக்காவின் குரலைப் போட்டுக் காட்டினான்.

"இது முழுப்பேருக்கு. மா ரெண்டு சுண்டு எடுத்துக்கம்மா... இது அரப்பேருக்கு. மா ஒரு சுண்டுதான்..."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். கேட்ட கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர் விழும். மழையிலோ காய்ச்சலிலோ குறைந்துவிட்டால் அரைப்பேர், சம்பளமும் பாதி. அதனால் ஒவ்வொரு சாப்பாட்டையும் அக்கா இரண்டு விதமாகச் சொல்லியிருந்தார், முழுப்பேர் நாளுக்கு ஒன்று, அரைப்பேர் நாளுக்கு ஒன்று. நிரோஷன் காதில் முழுப்பேர் மூணு பேராகவும், அரைப்பேர் ஆறு பேராகவும் விழுந்திருக்கிறது.

"பேருன்னா ஆள்தானேக்கா?" என்றான் பாவம்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கோவில் மண்டபத்தில் வெளியீடு. திரும்ப அச்சடிக்கப் பணமும் இல்லை, தாளும் இல்லை. பிழைக்கு மேல் துண்டுத்தாள் ஒட்டித் தருவதாக முதலாளி சொன்னார். நான் அக்காவுக்கு ஃபோன் போட்டேன். மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்.

நிரோஷனை முறைத்துக்கொண்டே வாசித்துக் காட்டினேன். அக்கா உட்கார்ந்திருந்த கதிரை ஆட ஆடச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"திரும்ப வாசி."

"ஆறு பேருக்கு ரொட்டி. கோதுமை மா ஒரு சுண்டு."

"வீட்டுல நாங்க எத்தனை பேரு? அவரு, நானு, புள்ளைங்க நாலு. அரப்பேரு விழுந்த நாள்ல அந்த ஒரு சுண்டு மாவுலதானே ஆறு பேரும் சாப்பிட்டோம். சௌசௌவத் துருவிப் போட்டு, கீரையக் கிள்ளிப் போட்டு... தம்பி சரியாத்தானே அடிச்சிருக்கு?"

"அப்ப மூணு பேருக்கு ரெண்டு சுண்டு?"

"வயிறு நெறையணும்னா அதுல மூணு பேருதான் சாப்பிடலாம். அதுவும் பொய் இல்லையே."

நானும் டிக்கோயாவில் தோட்டத்து லயத்தில் பிறந்தவள்தான். சௌசௌ போட்ட மெல்லிய ரொட்டி என்றால் சின்ன வயதில் எனக்கு உயிர். அது ஏன் சில நாட்களில் மட்டும் வந்தது என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை. சுலக்ஷனா போர்டிங்கிலிருந்து ஆசைப்பட்டுக் கேட்டதும் அதே ரொட்டிதானாம். பாதிச் சம்பளத்தில் சுட்ட ரொட்டியைப் பிள்ளைகள் பலகாரம் என்று நினைக்கும்படி சுட்டிருக்கிறார்கள் இந்தப் பெண்கள். நான் மலைத்துப்போய் அக்காவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒட்ட வேணாம், அளவு சரி" என்றார் அக்கா.

"சிரிப்பாங்கக்கா."

"சிரிச்சா சிரிக்கட்டும்." சொன்னாரே தவிர, அட்டையைத் தடவுவதை நிறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூட ஷிராணி டீச்சர் ஒரு பக்கத்தை வாசிக்க எழுந்தார். எத்தனையோ பக்கம் இருக்க, அவருக்கு அந்தப் பக்கம்தான் கிடைத்தது.

"ஆறு பேருக்கு ரொட்டி. கோதுமை மா ஒரு சுண்டு..."

முன்வரிசையில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா குனிந்துகொண்டார். எழுந்து ஏதாவது சொல்லிவிடலாமா என்று எனக்கு நாக்கு துடித்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அக்காவோடு வருடக்கணக்காகப் பக்கத்துத் தேயிலை நிரையில் கொழுந்து எடுத்த காளியாயி.

"அடியே ராணி, இது அரப்பேரு ரொட்டில்ல?"

அந்தச் சொல் புத்தகத்தில் எங்கும் இல்லை. தாள் தாளாக மடித்தவள் நான், எனக்குத் தெரியும்.

"ஆமாடி" என்றார் அக்கா. இப்போது நிமிர்ந்திருந்தார்.

"சௌசௌவப் பிழியாமப் போடணும்னு போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன். டீச்சர் வாசிப்பாங்க, கேளு."

டீச்சர் வாசித்தார். ஒவ்வொரு வரிக்கும் மண்டபம் முழுக்கப் பெண்கள் "ம்" கொட்டினார்கள். முடிந்ததும் காளியாயி நேரே வந்து ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டார். அவருக்கு எழுத்து தெரியாது. அந்தப் பக்கத்தின் மூலையை மட்டும் மடித்துத் தரச் சொன்னார். நான்தான் மடித்துக் கொடுத்தேன்.